டிரம்ஸ் இல்லை, டிரம்பெட் இல்லை... செல்லோக்களே சேர்ந்து ஜாஸ் வாசித்தால் எப்படி இருக்கும்?

ஜாஸ் என்றதும் உங்கள் மனசில் என்ன படம் ஓடும்? கன்னம் உப்ப டிரம்பெட் ஊதும் ஒருவர், பக்கத்தில் சாக்ஸபோன், மூலையில் டிரம்ஸ், பின்னால் ஆள் உயர டபுள் பாஸைக் கட்டிப்பிடித்தபடி நிற்கும் இன்னொருவர். சரி, இப்போது அந்த மேடையிலிருந்து எல்லோரையும் இறக்கிவிடுங்கள். எட்டு நாற்காலி போடுங்கள். எட்டிலும் செல்லோக்காரர்கள். டிரம்ஸ் வேலையும் செல்லோவுக்கு, பாஸ் வேலையும் செல்லோவுக்கு, பியானோவின் கார்டும் சாக்ஸபோனின் மெட்டும்கூட செல்லோவுக்குத்தான். ஒரே நடிகர் பத்து வேஷம் கட்டும் படம் மாதிரி. எடுபடுமா என்று சந்தேகம் வருகிறது இல்லையா? சில நேரம் எடுபடாது. எடுபடும்போது, அது வேறெந்த ஜாஸிலும் கிடைக்காத சத்தம்.

செல்லோ பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். வயலினுக்குப் பெரியண்ணன். நாற்காலியில் உட்கார்ந்து, கருவியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, அடியில் உள்ள கம்பியைத் தரையில் ஊன்றி, வில்லால் வாசிப்பார்கள். நான்கு தந்திகள். தடித்த தந்தியின் அதிர்வு 65 ஹெர்ட்ஸ், மெல்லிய தந்தி 220. அதில் விரலை மேலே மேலே நகர்த்தினால் பெண் குரலின் உச்சம் வரை போகலாம். அதாவது அடித்தொண்டையில் பேசும் தாத்தா முதல் உச்சஸ்தாயியில் பாடும் பேத்தி வரை, ஒரு குடும்பத்தின் குரல் மொத்தமும் ஒரே கருவிக்குள். நாம் இதைக் கேட்காதவர்கள் இல்லை. இளையராஜா பாட்டுகளில் வயலின் கூட்டம் மேலே பறக்கும்போது அடியில் ஒரு கனத்த, சோகம் கலந்த தந்திச் சத்தம் தாங்கிப்பிடிக்குமே, அங்கே செல்லோ இருக்கும். பெயர் தெரியாமலே நமக்குப் பழகிய கருவி.

கை உடைந்தது, தாடை உடைந்தது, கதவு அடைந்தது

இந்தக் கருவி ஜாஸுக்குள் வந்த கதை வேடிக்கையானது. யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. பாதிப் பேர் விபத்தால் வந்தவர்கள்.

1947-லேயே ஹாரி பாபசின் என்ற பாஸ் கலைஞர் செல்லோவில் ஜாஸ் பதிவு செய்துவிட்டார். ஆனால், பேர் வாங்கிக் கொடுத்தவர் ஆஸ்கர் பெட்டிஃபோர்டு. டபுள் பாஸில் பெரிய கை. 1949-ல் பேஸ்பால் ஆடப்போய் அந்தக் கையையே உடைத்துக்கொண்டார். பெரிய கருவியோடு மல்லுக்கட்ட முடியாத அந்த நாள்களில் செல்லோவை எடுத்தார். செல்லோ சுருதியைப் பழகிக்கொண்டிருக்காமல், தந்திகளை டபுள் பாஸ் முறையிலேயே, ஒரு ஸ்தாயி மேலே சேர்த்துக்கொண்டார். மறு ஆண்டே டியூக் எலிங்டனை பியானோவில் உட்கார வைத்துப் பதிவு செய்தார். வில்லைத் தொடாமல் விரலால் சுண்டியே வாசித்தார். கேட்டால் ஏதோ பெரிய கிட்டார் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஃபிரெட் கட்ஸ் கதையில் எலும்பு எதுவும் உடையவில்லை, இடம்தான் பத்தவில்லை. சிகோ ஹாமில்டன் குழுவில் அவர் பியானோக்காரர். இடைவேளையில் மட்டும் ரசிகர்களுக்காக செல்லோ வாசிப்பாராம். ஒருநாள் கண்மூடி வாசித்துக்கொண்டிருந்தவர் முடிப்பதற்குள் மற்றவர்கள் மேடையேறிவிட்டார்கள். சின்ன மேடை, பியானோவுக்குத் திரும்ப வழியில்லை. சரியென்று செல்லோவிலேயே தொடர்ந்தார். அப்படித்தான் 1955-ல் செல்லோ, புல்லாங்குழல், கிட்டார், பாஸ், டிரம்ஸ் என்று ஒரு விநோதமான ஐவர் குழு உருவானது. 1957-ல் வந்த 'ஸ்வீட் ஸ்மெல் ஆஃப் சக்சஸ்' ஹாலிவுட் படத்தில் இவர்கள் வாசிப்பதை இன்றும் பார்க்கலாம். ஜாஸில் வில்லெடுத்து செல்லோ வாசிப்பது என்றால் என்ன என்று காட்டியவர் கட்ஸ்தான்.

டேவிட் பேக்கர் டிராம்போன் கலைஞர். கார் விபத்தில் தாடை அடிபட்டது. ஊத முடியாமல் போய், செல்லோவுக்கு மாறினார். பிறகு இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஜாஸ் துறையைக் கட்டி எழுப்பினார். அதே வளாகத்தில்தான் உலகப்புகழ் பெற்ற செல்லோ மேதை யானோஸ் ஸ்டார்க்கர் கிளாசிக்கல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பேக்கர் அவருக்காகவே ஒரு சொனாட்டா எழுதிக்கொடுத்தார். 'நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்' என்று இருந்த இரண்டு தெருக்களுக்கு நடுவே ஒரு சந்து திறந்தது.

மனசைப் பிசைவது ரான் கார்ட்டர் கதை. பத்து வயதில் செல்லோ பிடித்த பையன். டெட்ராய்ட்டில் பள்ளிப் படிப்பு. வெளி நிகழ்ச்சிகளுக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகளைத்தான் அழைக்கிறார்கள், தன்னை அழைப்பதில்லை என்பதைக் கவனிக்கிறான். பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் பாஸ் வாசிக்க ஆள் இல்லை என்றதும், அதையாவது பிடிப்போம் என்று டபுள் பாஸுக்கு மாறுகிறான். ராச்செஸ்டர் ஈஸ்ட்மன் இசைக்கல்லூரியில் படிக்கும்போது, புகழ்பெற்ற நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி அவன் வாசிப்பை மெச்சிவிட்டு, ஹூஸ்டன் ஆர்கெஸ்ட்ராவில் கறுப்பினத்தவரைச் சேர்க்க நிர்வாகம் இன்னும் தயாரில்லை என்று சொன்னார். இதைக் கார்ட்டரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன்தான் பின்னால் மைல்ஸ் டேவிஸின் பாஸ் கலைஞர். 2015-ல் கின்னஸ் எண்ணிப் பார்த்தபோது 2,221 பதிவுகளில் அவர் கை இருந்தது. ஜாஸ் வரலாற்றில் வேறெந்த பாஸ் கலைஞரையும்விட அதிகம். கிளாசிக்கல் உலகம் ஒரு செல்லோ கலைஞரை இழந்தது, ஜாஸ் லாபம் பார்த்தது என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால், 1960-ல் எரிக் டால்ஃபியின் 'அவுட் தேர்' ஆல்பத்தில் அவர் மறுபடி செல்லோவை எடுத்து வாசித்திருப்பதைக் கேளுங்கள். அது லாப நஷ்டக் கணக்கில் அடங்குகிற சத்தம் இல்லை.

இவர்கள் எல்லோருமே தனி ஆள்கள். ஒரு பேண்டில் ஒரு செல்லோ. கூட்டமாக வாசிக்கும் பழக்கம் வேறு வழியில் வந்தது.

கூட்டம் சேர்ந்த கதை

செல்லோ கூட்டத்தைத் தெரு இசைக்கு அறிமுகம் செய்துவைத்தவர் பிரேசில் நாட்டு இசையமைப்பாளர் வில்லா-லோபோஸ். அவரே செல்லோ கலைஞர். இளமையில் ரியோ நகரத்து கஃபேக்களில், தெருவோர ஷோரோ கலைஞர்களோடு வாசித்தவர். ஷோரோ என்பது பிரேசிலின் நகரத்து இசை. ஜாஸுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1930-ல் பாஹ் இசையின் கட்டுமானத்தையும் தன் ஊர் இசையின் துள்ளலையும் சேர்த்து, செல்லோக்களுக்கு மட்டுமே 'பாஹியானாஸ் பிரேசிலேராஸ்' வரிசையின் முதல் படைப்பை எழுதினார். வரிசையில் ஐந்தாவது, எட்டு செல்லோக்களும் ஒரு பெண் குரலும். உலகம் பூராவும் பிரபலம்.

அடுத்த பெரிய திருப்பம் பெர்லினில். 1972-ல் சால்ஸ்பர்க் வானொலிக்காக, பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் 12 செல்லோக்காரர்களும் சேர்ந்து கிளெங்கல் என்பவர் 1920-ல் எழுதிய ஒரு படைப்பை வாசித்தார்கள். ஒருமுறை என்று தொடங்கியது, தனிக் குழுவாகவே நிலைத்துவிட்டது. வாசிக்கச் சரக்கு வேண்டுமே? 12 செல்லோவுக்கு அந்தக் காலத்தில் யார் எழுதி வைத்திருந்தார்கள்? புதிதாக எழுதச்சொல்லிக் கேட்டார்கள். போரிஸ் பிளாஹர் எழுதிக்கொடுத்ததில் ஒரு புளூஸும் ஒரு ரும்பாவும் இருந்தன. ஆக, பிறந்த கையோடேயே அந்தக் குழுவின் காதில் ஜாஸ் விழுந்துவிட்டது. 2002-ல் ஒரு முழு ஜாஸ் ஆல்பமே போட்டார்கள். பெயர் 'ரவுண்ட் மிட்நைட்'. தெலோனியஸ் மங்க்கின் அமர மெட்டின் பெயர்.

இன்று இந்த மாதிரிக் குழுக்கள் நிறைய. ஜெர்மனியில் 2002-லிருந்து இருக்கும் ராஸ்ட்ரெல்லி நால்வர் குழு கிளாசிக்கலில் தொடங்கி டாங்கோ, ஜாஸ் என்று ரவுண்ட் கட்டும். அமெரிக்காவில் கிறிஸ் வைட் என்ற செல்லோ கலைஞர் 1990-களில் தொடங்கிய நியூ டைரக்‌ஷன்ஸ் செல்லோ விழாவில், வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து 'செல்லோ பிக் பேண்ட்' வாசிப்பது வழக்கம்.

நமக்குக் கொஞ்சம் சொந்தம் கொண்டாட முடிகிற ஓர் ஆல்பமும் உண்டு. மாட் ஹைமோவிட்ஸ் என்ற செல்லோ கலைஞர், மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் தன்னிடம் படித்தவர்களைச் சேர்த்து 'உச்செல்லோ' என்ற செல்லோ குழுவை அமைத்தார். 2010-ல் வந்த அவர்களது ஆல்பம் 'மீட்டிங் ஆஃப் தி ஸ்பிரிட்ஸ்'. தலைப்புப் பாடல் ஜான் மெக்லாக்லினுடையது. 1971-ல் மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. ஆமாம், எல்.சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராமோடு சேர்ந்து 'சக்தி'யைத் தொடங்கிய அதே மெக்லாக்லின்தான். நம்மூர் தாளக் கணக்கின் மீது அவருக்கு இருந்த பித்து, சக்திக்கு முன்பே மஹாவிஷ்ணு இசையில் தெரியும். எலெக்ட்ரிக் கிட்டாரும் எலெக்ட்ரிக் வயலினும் டிரம்ஸும் ஒன்றையொன்று விரட்டுகிற அந்த இசையைச் செல்லோக்களுக்கு மாற்றி எழுதியவர் டேவிட் சான்ஃபோர்டு. மரத்தில் செய்த கருவியிலிருந்து இப்படி ஒரு உறுமல் வருமா என்று இருக்கும்.

சரி, டிரம்ஸ் வேலையை யார் பார்ப்பது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. செல்லோவை டிரம்ஸாக்க முக்கியமான தந்திரம் 'சாப்'. வில்லின் பிடிப்பகுதியைத் தந்தி மேல் செங்குத்தாகக் கொத்துவது. ஸ்வரம் வராது. 'சக்... சக்' என்று வறண்ட ஒரு சத்தம் மட்டும். இது ஜாஸ்காரர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. 1960-களில் ப்ளூகிராஸ் எனும் அமெரிக்க நாட்டுப்புற இசையில் வயலின் வாசித்த ரிச்சர்ட் கிரீன், மேண்டலின் கொடுக்கும் தாளத்தை வில்லால் கொண்டுவரப் பார்த்து உருவாக்கியது. டேரல் ஆங்கர் அதைக் கற்றுக்கொண்டு, 1985-ல் தொடங்கிய டர்டில் ஐலண்ட் நால்வர் குழுவுக்குக் கொண்டுபோனார். அந்தக் குழுவின் செல்லோ கலைஞர் மார்க் சம்மர் இன்னும் ஒருபடி மேலே போய், சுண்டுவது, தட்டுவது, அறைவது எல்லாவற்றையும் ஒரே ஆளாகச் செய்தார். அவர் எழுதிய 'ஜூலி-ஓ' இப்போது செல்லோ படிக்கும் பிள்ளைகள் வாசித்துப் பார்க்க ஆசைப்படும் படைப்பு. இதைத் தவிர உள்ளங்கையால் கருவியின் உடலைத் தட்டுவதும் உண்டு. கருவி லட்சக்கணக்கில் விலை போகும் என்பதால், ஆளுக்கு ஆள் தட்டும் வேகம் மாறும்!

பாஸ் வேலை இதைவிடச் சிக்கல். டபுள் பாஸின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். செல்லோ 65-லேயே நின்றுவிடும். தந்தி நீளமும் குறைவு. டபுள் பாஸுக்குச் சுமார் 105 செ.மீ., செல்லோவுக்குச் சுமார் 69 செ.மீ. அதனால் சுண்டினால் சத்தம் சீக்கிரம் செத்துவிடும். டபுள் பாஸில் 'தூம்ம்ம்' என்று நடந்து போவது, செல்லோவில் 'தும்' என்று முடியும். அதை ஈடுகட்ட ஒருவர் சுண்ட, இன்னொருவர் அதே ஸ்வரத்தை வில்லால் மெல்லத் தொட்டு நீட்டுவதுபோல எழுதலாம். அடித்தந்தியை இன்னும் தளர்த்திச் சுருதி இறக்குபவர்களும் உண்டு.

மூன்றாவது, கார்டு. எட்டு செல்லோவும் கீழ் ஸ்தாயியில் நெருக்கமாக உட்கார்ந்தால், சத்தம் குழைந்துபோன சாதம் மாதிரி ஆகிவிடும். ஜாஸ் கார்டுகளுக்கோ நாலு ஐந்து ஸ்வரம் வேண்டும். எனவே, கெட்டிக்காரர்கள் கீழே இடம்விட்டு, மேலே போகப்போக நெருக்கி எழுதுவார்கள். மோசமான தழுவல் என்றால் இதில்தான் முதலில் தெரியும்.

எல்லாவற்றையும்விடக் கடினம் ஸ்விங். எழுதும்போது சம அளவாக இருக்கும் இரண்டு ஸ்வரங்களை, முதலாவது கொஞ்சம் நீண்டும் இரண்டாவது கொஞ்சம் குறுகியும் வாசிக்கும் ஆட்டம் அது. கிளாசிக்கல் பயிற்சியில் வளர்ந்தவருக்கு, தாளத்தின் பலமான அடியில் வில்லைக் கீழ்நோக்கி இழுப்பது ரத்தத்தில் ஊறியது. ஜாஸுக்கு அழுத்தம் எதிர்த்தட்டில் விழ வேண்டும். அதனால் எதிர்த்தட்டில் வில்லை மாற்றி, அடுத்த அடிக்குள் இழுத்துச் சேர்க்கப் பழகுகிறார்கள். பிறகு அந்த அதிர்வு... கிளாசிக்கல் வாசிப்பில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் விரலால் நடுங்கவிடுவார்கள். ஜாஸில் அப்படிச் செய்தால் கல்யாண வீட்டு அலங்காரம் மாதிரி இருக்கும். வெறும் ஸ்வரம், தேவைப்பட்ட இடத்தில் ஒரு வளைவு, அவ்வளவுதான். செல்லோவில் மெட்டுக்கட்டைகள் கிடையாது, விரலைச் சறுக்கலாம் என்பதால் புளூஸின் அந்த 'இரண்டுங்கெட்டான்' ஸ்வரங்கள் அழகாக வரும். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது பிடிபட அதிக நேரம் ஆகாது.

எழுதி வைத்து வாசித்தால் அது ஜாஸா?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். ஜாஸின் உயிர் மனோதர்மம். கச்சேரியில் கல்பனாஸ்வரத்தைப் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தால் என்ன சொல்வோம்? செல்லோ குழுக்கள் வாசிக்கும் ஜாஸில் பெரும்பகுதி எழுதப்பட்டது. பெர்லின் பன்னிருவரின் ஆல்பம் பளபளவென்று இருக்கும். ஒவ்வொரு ஸ்வரமும் முத்து. ஆனால், அடுத்த நொடி என்ன நடக்குமோ என்கிற படபடப்பு எனக்கு அதில் கிடைத்ததில்லை. நல்ல ஹோட்டலில் வீட்டுச் சாப்பாடு மாதிரி. ருசி உண்டு, வீடு இல்லை.

இதற்காக எழுதப்பட்ட இசையெல்லாம் போலி என்று சொல்லிவிட முடியாது. எலிங்டனே பக்கம் பக்கமாக எழுதியவர்தான். எட்டுப் பேர் ஒரே நேரத்தில், ஒரே குரலுள்ள கருவியில், மனம்போன போக்கில் வாசித்தால் யார் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. ஏழு பேர் எழுதியதை வாசிக்க, ஒருவர் மட்டும் எழுந்து தன் மனோதர்மத்தில் பாடுவதுதான் நடைமுறையில் நடக்கிற ஏற்பாடு. அந்த ஒருவர் யார் என்பதில்தான் குழுவின் தரம் இருக்கிறது.

எழுதியதே உயிரோடு துடிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் ஜூலியஸ் ஈஸ்ட்மன். (ராச்செஸ்டர் கல்லூரிக்கும் இவருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.) கறுப்பினத்து இசையமைப்பாளர், பியானோ கலைஞர், பாடகர். தம்பி ஜெர்ரி ஜாஸ் கிட்டார் கலைஞர். 1981-ல் ஜூலியஸ் பத்து செல்லோக்களுக்கு 'தி ஹோலி பிரசன்ஸ் ஆஃப் ஜோன் டார்க்' எழுதினார். இதை ஜாஸ் என்று முத்திரை குத்த முடியாது. ஆனால், கீழே ஒரு துண்டு மெட்டு குதிரைப் பாய்ச்சலாக ஓடிக்கொண்டே இருக்க, மேலே மற்ற செல்லோக்கள் ஆளாளுக்கு அழைப்பதும் முறையிடுவதுமாக வந்துபோகும் அந்த வேகம், ஜாஸும் ராக்கும் தெரிந்த மனுஷனிடமிருந்து மட்டுமே வரும்.

அதற்குப் பிறகு வாடகை வீட்டிலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். சாமான்கள் தெருவுக்கு வந்தன. எழுதி வைத்த இசைத்தாள்களில் பெரும்பகுதி அதோடு போயிற்று. நியூயார்க்கில் பூங்காவில் படுத்திருந்த காலமும் உண்டு. 1990-ல், 49 வயதில் இறந்தார். எட்டு மாதம் கழித்துத்தான் ஒரு பத்திரிகையில் இரங்கல் குறிப்பு வந்தது.

1998-ல் மேரி ஜேன் லீச் என்ற இசையமைப்பாளர், ஒரே கருவி பல சேர்ந்து வாசிக்கும் இசையைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டியிருந்தது. எப்போதோ கேட்ட இந்தப் பத்து செல்லோ படைப்பு நினைவுக்கு வர, அதன் தாள்களைத் தேடினார். கிடைக்கவில்லை. தேடத் தேட, அந்த மனிதரின் மொத்த வாழ்வும் காணாமல் போயிருப்பது தெரிந்தது. ஏழு வருடம் கழித்து, 2005-ல், மூன்று சி.டி-க்களாகப் பழைய ஒலிப்பதிவுகள் வெளிவந்தன. அதில் இந்தப் படைப்பும் இருந்தது. ஒலி கிடைத்துவிட்டது, தாள் இல்லையே? கிளாரிஸ் ஜென்சன் என்ற செல்லோ கலைஞர் அந்தப் பதிவைக் கேட்டுக் கேட்டு, பத்து செல்லோவின் ஸ்வரங்களையும் காதால் பிரித்து மறுபடி எழுதினார். ஒரே மாதிரிக் குரல் கொண்ட பத்துக் கருவிகள்! கல்யாணக் கூட்டத்தில் பத்துச் சித்தப்பாக்கள் ஒன்றாகப் பேசும்போது யார் என்ன சொன்னார்கள் என்று எழுதியெடுப்பதுபோல. இன்று உலகின் பல மேடைகளில் அந்தப் படைப்பு வாசிக்கப்படுகிறது.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முதலில் ஒரு வேண்டுகோள். இதை மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். செல்லோவின் அடித்தந்திகள் அந்தக் குட்டி ஸ்பீக்கருக்குள் நுழையவே நுழையாது. பாதி இசை காணாமல் போகும். சாதாரண ஹெட்போன் போதும்.

புதியவர் என்றால் 'ஜூலி-ஓ'விலிருந்து தொடங்குங்கள். மெட்டு உடனே மனசில் ஒட்டும், செல்லோ என்னவெல்லாம் செய்யும் என்பதும் புரிந்துவிடும். அடுத்து பெட்டிஃபோர்டின் 1950 பதிவுகள். கையோடு எரிக் ஃபிரீட்லாண்டர் 2015-ல் அவர் நினைவாகப் போட்ட 'ஆஸ்காலிப்ஸோ' ஆல்பம். பிறகு 'ரவுண்ட் மிட்நைட்'டை இரவு விளக்கணைத்துவிட்டுக் கேட்கலாம். என் குறையைச் சொல்லிவிட்டேன், உங்களுக்கு அது குறையாகப் படாமலும் போகலாம். அதிலிருந்து நேரே 'மீட்டிங் ஆஃப் தி ஸ்பிரிட்ஸ்'க்குத் தாவினால் வித்தியாசம் முகத்தில் அறையும்.

மனோதர்மம்தான் வேண்டும் என்பவர்கள் டொமேகா ரீடைத் தேடுங்கள். 2022-ல் மெக்கார்தர் நல்கை பெற்றவர். சிகாகோவில் ஜாஸ் தந்திக் கருவிக் கலைஞர்களுக்கென்றே விழா நடத்தியவர். அவருடைய நால்வர் குழுவில் செல்லோ ஒன்றுதான், ஆனால் ஒரு கூட்டமே வாசிப்பதுபோல இருக்கும். அவருக்கு முந்தைய தலைமுறையின் அப்துல் வதூது 1977-ல் தனியாளாகப் பதிவு செய்த 'பை மைசெல்ஃப்' நெடுங்காலம் கிடைக்காமல் இருந்து 2023-ல் மறுபடி வந்திருக்கிறது.

ஈஸ்ட்மனின் பத்து செல்லோவை மட்டும் கடைசிக்கு வையுங்கள். சுமார் 20 நிமிடம், நடுவில் நிறுத்தாமல். வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்க முடியாது. முதல் முறை வெறும் புயல் மாதிரிதான் இருக்கும். இரண்டாவது முறை கீழே ஓடும் அந்தத் துண்டு மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள்.